பக்கத்தை வரைவது யார்? கைப்பேசி உலாவியின் வரலாற்றில் ஓர் ஆய்வு

கைப்பேசி உலாவியின் வரலாற்றைத் திரையின் அளவை வைத்துக் காலம் பிரிக்கலாம். ஆனால் இணையப் பக்கத்தைப் படித்து, அடுக்கி, வரைந்து காட்டும் வேலை எந்த இடத்தில் நடந்தது என்று பார்த்தால் இன்னும் தெளிவான கோடு கிடைக்கிறது.

1997இல் நோக்கியா, எரிக்சன், மோட்டோரோலா, அன்வயர்ட் பிளானெட் ஆகியவை சேர்ந்து, கைப்பேசிக்கு இணையத்தைக் கொண்டுவரும் வாப் நெறிமுறைக்காக வாப் மன்றத்தை அமைத்தன. அந்த முறையில் தளத்துக்கும் கைப்பேசிக்கும் நடுவே ஒரு நுழைவாயில் கணினி. அது பக்கத்தைச் சுருங்கிய இரும வடிவாக்கி அனுப்பும். 1999இல் வாப் உலாவியோடு வந்த நோக்கியா 7110இன் திரை 96×65 புள்ளிகள்தான். ஆனால் வாப்புக்கென்று தனி மொழியில் பக்கம் எழுத வேண்டியிருந்தது. பெரும்பாலான தளங்கள் அதற்கு மெனக்கெடவில்லை. அதே ஆண்டு ஜப்பானில் தொடங்கிய ஐ-மோட், வழக்கமான எச்டிஎம்எல்லைச் சற்றே குறுக்கிப் பயன்படுத்தி வேரூன்றியது.

நார்வேயின் ஓப்பரா மினி (2005, உலகெங்கும் 2006) வேறு வழியில் போனது. தளங்களை மாற்றச் சொல்லவில்லை. சாதாரணப் பக்கத்தையே தன் சர்வரில் திறந்து, அடுக்கி, 90 விழுக்காடு வரை சுருக்கி அனுப்பியது. கைப்பேசியில் இருந்த சிறிய ஜாவா நிரல், வந்ததைத் திரையில் இடுவதோடு சரி. ஜாவாஸ்கிரிப்ட்டும் சர்வரிலேயே ஓடியது. கிலோபைட்டுக்குக் காசு கொடுத்தவர்களுக்கு இது பெரிய வரம்.

ஆனால் தமிழ் வாசகருக்கு ஒரு சிக்கல் இருந்தது. எழுத்துகளை வரையும் பொறுப்பு கைப்பேசியின் சொந்த எழுத்துருவிடம் இருந்தது. பல கைப்பேசிகளில் தமிழ் எழுத்துரு கிடையாது. திரை முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரியும். எழுத்துரு இருந்தாலும் போதாது: யூனிகோடில் 'கெ' என்பதன் கொம்பு ககரத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது, திரையில் அது முன்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்துக்குத் தனி மென்பொருள் வேண்டும். தீர்வு, முகவரிப் பட்டையில் 'ஓப்பரா:கான்ஃபிக்' என்று தட்டினால் திறக்கும் அமைப்புப் பக்கத்தில் இருந்தது. சிக்கலான எழுத்துமுறைகளுக்குப் பிட்மேப் எழுத்துரு என்ற வரியை 'ஆம்' என மாற்றினால், சர்வரே தமிழை வரைந்து படமாக அனுப்பும். படம் எழுத்தைவிடக் கனமானது. சிக்கனத்துக்காகவே நாடிய உலாவியில் தாய்மொழியைப் படிக்கக் கூடுதல் டேட்டா செலவானது என்பது, வரைகிற இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சரியான சான்று.

2007இல் ஐபோன் வேலையைக் கைப்பேசிக்குள்ளேயே இழுத்துக்கொண்டது. சஃபாரியின் வெப்கிட் பொறி, பக்கத்தை 980 புள்ளி அகலம் எனப் பாவித்து முழுதாக அடுக்கி, பிறகு சிறிதாக்கிக் காட்டியது. இருமுறை தட்டினால் பத்தி பெரிதாகும். (நோக்கியாவின் எஸ்60 கைப்பேசிகளிலும் வெப்கிட் முன்பே இருந்தது, அதை யாரும் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை.) 2010இல் வலை வடிவமைப்பாளர் ஈதன் மார்காட் முன்வைத்த வடிவமைப்பு முறைக்குப் பின், திரைக்கேற்ப வளையும் பொறுப்பைத் தளங்களே ஏற்கத் தொடங்கின.

இடைச்சர்வரை உண்மையில் ஒதுக்கியது மறையாக்கம் என்பது என் கருத்து. சுருக்க வேண்டுமானால் நடுவில் இருப்பவர் பக்கத்தைப் பிரித்துப் படிக்க வேண்டும். வங்கிக் கடவுச்சொல்லும் அவர் கண்ணில் படும். பக்கத்தை மறையாக்கி அனுப்பும் எச்டிடிபிஎஸ் பரவப் பரவ நடுவில் இருப்பவரின் இடம் சுருங்கியது. ஆனாலும், இதேபோல் இடைச்சர்வர் வழியே இயங்கிய தன் டேட்டா சேமிப்பு வசதியை குரோம் 2022 மார்ச்சில் நிறுத்தியபோது, பல நாடுகளில் டேட்டா விலை இறங்கியதை கூகுள் காரணமாகச் சொன்னது. இன்று ஜாவாஸ்கிரிப்ட்டின் சுமையைப் பெரும்பாலும் மலிவான கைப்பேசியின் புராசஸர்தான் சுமக்கிறது.