ஆயா என்றால் யார்?



போன வருஷம் வரை "ஆயா" என்று ஓடிவந்த என் பேத்தி, இந்தக் கோடை லீவுக்கு வந்தபோது "பாட்டி" என்றாள். சென்னையில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஏன்டி கண்ணு மாத்திட்டே என்று கேட்டேன். "எங்க ஸ்கூல்ல பாத்ரூம் கழுவுறவங்கதான் ஆயா. நான் சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றாள். மனசு சுருக்கென்றது. அன்று அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் செஞ்சிப் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. 'ஆய்' என்பது தாயைக் குறிக்கும் பழைய சொல். சங்கப் பாடல்களில் என் தாய் 'யாய்', உன் தாய் 'ஞாய்', அவள் தாய் 'தாய்'. எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள்.

பள்ளிக்கூடத்து ஆயா வேறு வழியில் வந்தவள். ஜன்னல், சாவி, அலமாரி, மேசை போல அதுவும் போர்த்துக்கீசியர் கொடுத்த சொல். அவர்கள் மொழியில் 'ஐயா' என்பதுபோல் ஒலிக்கும் அந்தச் சொல்லுக்கு, பெரிய வீட்டுப் பிள்ளைகளை வளர்ப்பவள், பெண்பிள்ளைகள் வெளியே போனால் கூடவே துணைக்குப் போகிறவள் என்று பொருள். அதன் மூலம் 'அவியா' என்ற இலத்தீன் சொல் என்று சில அகராதிகள் காட்டுகின்றன. 'அவியா' என்றால் என்ன தெரியுமா? பாட்டி!

வெள்ளைக்காரர் காலத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நம் ஆயாக்கள் கப்பலேறி லண்டன் வரை போனார்கள். அங்கே சிலரைக் கைவிட்டுவிட்டார்கள். அப்படி நின்றவர்கள் தங்கிய 'ஆயாக்கள் இல்லம்' ஹாக்னி பகுதியில் இருந்தது. அந்த வீட்டில் 2022-இல் நினைவுப் பலகை பதித்தார்கள்.

நம் இலக்கியத்தில் இதே வேலையைச் செய்தவள் செவிலித்தாய். தலைவியை வளர்த்து, காவல் காத்து, அவள் காதலனோடு போய்விட்டால் பாலை வழியில் தேடி நடப்பவள். அவள் மகள்தான் தோழி. இன்று செவிலியர் என்றால் மரியாதை. ஆயா என்றால் சிரிப்பு. வேலை ஒன்றுதான். ஒரு சொல்லை நாம் உயர்த்தினோம், இன்னொன்றை இறக்கிவிட்டோம்.

நான் வேலை பார்த்த ஒரு கிராமத்துப் பள்ளியில் சத்துணவு ஆயா ஒருவர் இருந்தார். வயதுக்கு வந்ததும் பெண்ணை நிறுத்தப் பார்த்த வீடுகளுக்குப் போய், "நான் கூட்டிட்டுப் போறேன், நானே கொண்டாந்து விடறேன், படிக்கட்டும்" என்று நிற்பார். தினமும் ஏழெட்டுப் பெண்கள் அவர் பின்னால் ஏரிக்கரையில் நடந்து வருவார்கள். அட்டென்டன்ஸ் எடுத்தது நான். பெண்களைக் கொண்டுவந்து சேர்த்தது அவர். அந்தப் பெண்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியும்.

பேத்தியிடம் சொன்னேன்: "உன் ஸ்கூல் ஆயாவும் யாரோ ஒரு பிள்ளைக்குப் பாட்டிதான். திங்கட்கிழமை போனதும் வணக்கம் சொல்லு." யோசித்துவிட்டு, "அவங்க பேர் என்னன்னு கேக்கட்டுமா ஆயா?" என்றாள்.

கேளுடி கண்ணு என்றேன்.

உங்கள் வீட்டில் பாட்டியை எப்படிக் கூப்பிடுவீர்கள்? எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.