நகலா, பாடவேறுபாடா? வீட்டுக் கணினிக்கு வந்த பேக்-மேன்

ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1980இல் வெளியிட்ட பேக்-மேன், டோரு இவாதானி வடிவமைத்த ஆட்டம். நாணயம் போட்டு ஆடும் அப்பெட்டி இசட்80 செயலியில் இயங்கியது. அதன் திரை நெடுக்குவாட்டில் அமைந்திருந்தது. அட்டாரி 400, 800 ஆகிய வீட்டுக் கணினிகளோ 6502 செயலி கொண்டவை. அகலவாட்டத் தொலைக்காட்சியில் இணைக்கப்பட்டவை. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. ஆகவே வீட்டுப் பதிப்புக்கெனப் புதிதாக நிரல் எழுத வேண்டியிருந்தது. புதிர்ப்பாதையையும் திரைக்கேற்பத் திருத்தி வரைய நேர்ந்தது.

இது ஆடும் முறையையே மாற்றிற்று. மூல ஆட்டத்தில், ஆடுபவர் அதே நகர்வுகளைச் செய்தால் பேய்களும் அதே வழியில் வரும். எனவே தேர்ந்தவர்கள் ஒவ்வொரு திருப்பத்தையும் மனனம் செய்து ஆடினர்; அத்தகைய வழித்தடங்கள் நூல்களாகவும் அச்சேறின. பாதை மாறிய வீட்டுப் பதிப்பில் அம்மனனம் பயன்படவில்லை. பெயர் ஒன்று, தோற்றம் ஏறத்தாழ ஒன்று. கைப்பழக்கம் மட்டும் வேறு.

அவ்வாறாயின் எது 'அதே ஆட்டம்'? இக்கேள்வி விரைவில் அமெரிக்க நீதிமன்றங்களை எட்டியது. ஆன்-லைன் சிஸ்டம்ஸ் நிறுவனத்துக்காக ஜான் ஹாரிஸ் 1981இல் எழுதிய ஜாபிரேக்கரில், ஒரு பல்வரிசை இனிப்புகளைத் தின்றபடி ஓடும். வீட்டுப் பதிப்புகளுக்கு உரிமம் பெற்றிருந்த அட்டாரி வழக்குத் தொடுத்தது. கலிபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்க மறுத்தது. மேக்னவாக்ஸ் ஒடிசி 2 கருவிக்கு வந்த கே.சி.மஞ்ச்கின் வழக்கிலோ, ஏழாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1982 மார்ச்சில் கீழ்நீதிமன்ற மறுப்பை மாற்றித் தடைக்கு வழிசெய்தது. புதிர்ப்பாதையும் மதிப்பெண் முறையும் எவருக்கும் உரிய கருத்துகள். விழுங்கும் உருவமும் துரத்தும் பேய்களும் பாதுகாப்புக்குரிய வெளிப்பாடு என்று அது பகுத்தது. மஞ்ச்கினில் புள்ளிகள் நகர்ந்துகொண்டேயிருக்கும். ஆடுபவர் தாமே புதிர்ப்பாதை அமைக்கவும் முடியும். இப்புதுமைகள் அதனைக் காக்கவில்லை.

இங்குக் கவனிக்கத்தக்கது, ஒப்புமை திரையில் தேடப்பட்டது என்பது. சுவடிகளை ஒப்பிடும் பதிப்பாசிரியர் சொல்லுக்குச் சொல் வேறுபாடு குறிப்பார். அவர் முன் பொதுவான ஒரு மூலபாடம் இருக்கும். இவ்வாட்டங்களுக்கிடையே அத்தகைய பொது நிரல் இல்லை. பொதுவாக இருந்தது கண்ட காட்சியும் ஆடிய நினைவுமே.

மென்பொருள் வரலாறு எழுதுவோர்க்கு இதனால் ஒரு கடமை எழுகிறது. மூலத்தை மட்டும் ஆவணக்காப்பகத்தில் சேர்த்தால், மக்கள் தம் வீட்டில் ஆடிய பாடமும் நீதிமன்றம் தடுத்த பாடமும் மறைந்துபோகும். வெற்றிபெற்ற வடிவமே முதல் வடிவம் என்ற மயக்கமே பின்னர் எஞ்சும். தழுவலையும் தடைபெற்றதையும் மூலத்துக்கு நிகராகப் பேணினால்தான், ஓர் ஆட்டம் எவ்வாறு பலர் கையில் உருவானது என்பதை நாம் படிக்க இயலும்.