ஐஸ்கிறீம் இயந்திரம் வாங்கலாமா? – குளிரின் விலை பற்றிய ஒரு வரலாற்றுக் கணக்கு

ரொறன்ரோவில் வசிக்கும் பள்ளித் தோழர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் உரையாடியபோது, வீட்டிலேயே ஐஸ்கிறீம் செய்யும் இயந்திரம் ஒன்றை வாங்குவது பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்டார். பிள்ளைகள் வேண்டும் என்கிறார்களாம். மனைவியோ, பாண் சுடும் இயந்திரமும் பழச்சாறு பிழியும் இயந்திரமும் ஏற்கெனவே அலுமாரிக்குள் உறங்குகின்றன, அவற்றுக்குத் துணையாக இன்னொன்று எதற்கு என்கிறாராம். சமையலறை விவகாரத்தில் தீர்ப்பு வழங்கும் தகுதி எனக்கில்லை. ஆயினும் இக்கருவியின் வரலாற்றைச் சற்று ஆழ்ந்து நோக்கினால், தோழரின் கேள்விக்கான விடை கடை விளம்பரங்களில் அன்றி அவ்வரலாற்றிலேயே கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் ஒரு குப்பையைக் கூட்டித் தள்ளிவிட வேண்டும். மார்க்கோ போலோ சீனாவிலிருந்து ஐஸ்கிறீமைக் கொண்டுவந்தார் என்றும், கதரீன் டி மெடிசி அதனைப் பிரான்சுக்குச் சீதனமாக எடுத்துச் சென்றார் என்றும் பத்திரிகைகளின் வாரமலர்கள் ஆண்டுதோறும் எழுதி வருகின்றன. இவை இரண்டுக்கும் சமகால ஆதாரம் எதுவும் கிடையாது. ஐஸ்கிறீமின் உண்மையான பிறப்பு அரசிகளிடமோ யாத்திரிகர்களிடமோ அன்றி, உப்பிடம் தொடங்குகிறது.

பனிக்கட்டி உருகுவதற்கு வெப்பம் தேவை. ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகும்போது 334 கிலோயூல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. பாடசாலையில் 'மறைவெப்பம்' என்று நாம் மனனம் செய்தது இதுவே. வெறும் பனிக்கட்டி உருகும் வெப்பநிலை பூச்சியம் பாகை செல்சியஸ். ஆனால் சீனி கரைந்த பாலோ பூச்சியத்துக்குக் கீழே சென்றால்தான் உறையும். எனவே எவ்வளவு பனிக்கட்டியைச் சுற்றி அடுக்கினாலும் பால் குளிருமேயன்றி உறையாது. பனிக்கட்டியுடன் உப்பைச் சேர்த்ததும் நிலைமை மாறுகிறது. உப்பு கலந்த பனிக்கட்டி பூச்சியத்துக்குக் கீழே உருகுகிறது. உரிய விகிதத்தில் கலந்தால் வெப்பநிலை மறை 21 பாகை வரை இறங்கும். 13ஆம் நூற்றாண்டில் அரபு மருத்துவர் இபின் அபீ உசைபியா உப்பைக் கொண்டு நீரை உறையவைக்கும் முறை பற்றி எழுதினார். நேப்பிள்ஸ் நகரத்து ஜியாம்பத்திஸ்தா டெல்லா போர்த்தா வெடியுப்பும் பனியும் கொண்டு வைனை உறையவைத்த விதத்தை 1589ஆம் ஆண்டுப் பதிப்பில் விவரித்தார். அதே காலப்பகுதியில் அக்பரின் அரண்மனையிலும் வெடியுப்பினால் நீர் குளிர்விக்கப்பட்டதை அபுல் ஃபசலின் ஆயின்-இ-அக்பரி கூறுகிறது. இமயமலைப் பனி படகிலும் வண்டியிலும் ஆள்தலையிலுமாக லாகூருக்கு வந்ததையும் அதே நூல் பதிவுசெய்துள்ளது.

அக்காலத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐஸ்கிறீம் செய்த கருவி மிக எளிமையானது. வாளி ஒன்றில் பனிக்கட்டியும் உப்பும். அதன் நடுவே மூடியுடைய ஒரு தகரப் பாத்திரம். பிரெஞ்சுக்காரர் இப்பாத்திரத்தை சொர்பெத்தியேர் என்றனர். பாத்திரத்தைக் கையால் அங்குமிங்கும் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். இடையிடையே திறந்து, ஓரங்களில் உறைந்ததைக் கரண்டியால் சுரண்டி நடுவே தள்ள வேண்டும். அமெரிக்க ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சனின் கையெழுத்தில் உள்ள வனிலா ஐஸ்கிறீம் செய்முறை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. இரண்டு போத்தல் கிறீம், ஆறு முட்டை மஞ்சள் கரு, அரை இறாத்தல் சீனி என்று அது தொடங்குகிறது. பாத்திரத்தைத் திருப்பும் வேலையும் சுரண்டும் வேலையும் அதில் ஒழுங்காக எழுதப்பட்டுள்ளன. அவ்வேலையைச் செய்தது யார் என்பது எழுதப்படவில்லை. ஜெபர்சன் வீட்டுச் சமையலறையில் உழைத்தவர்கள் அவருடைய அடிமைகள். 1784இல் பரிசுக்கு அழைத்துச் செல்லப்பட்டுப் பிரெஞ்சுச் சமையல் பயின்ற ஜேம்ஸ் ஹெமிங்ஸ் அவர்களுள் ஒருவர். 1796இலேயே அவருக்கு விடுதலை கிடைத்தது. ஐஸ்கிறீம் செல்வந்தர் வீட்டு உணவாக இருந்ததற்குப் பாலும் சீனியும் மட்டும் காரணமல்ல. பனிக்கட்டியைச் சேமிக்கும் கிடங்கும், வாளியருகே குந்தியிருக்கும் ஆளும் வேண்டியிருந்தன.

அந்த ஆளின் வேலையைக் குறைத்தவர் ஒரு பெண்மணி. பிலடெல்பியாவைச் சேர்ந்த நான்சி ஜோன்சன் 1843 செப்ரெம்பர் 9இல் 3254ஆம் இலக்கக் காப்புரிமையைப் பெற்றார். பாத்திரத்தினுள் துளையிட்ட பலகைகள். அவற்றை வெளியே உள்ள கைப்பிடி சுழற்றும். ஓரத்தில் உறைவது உடனுக்குடன் சுரண்டப்பட்டு மீண்டும் கலவையுடன் சேரும். மூடியைத் திறக்கும் தேவை இல்லை. 1848இல் வில்லியம் யங் என்பவர் இதனைத் திருத்தி வேறொரு காப்புரிமை பெற்றபோதும், ஜோன்சனின் பெயராலேயே அது விற்பனையானது. இன்று கடைகளில் பளபளக்கும் இயந்திரத்தின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஜோன்சனின் பலகைதான். கைப்பிடிக்குப் பதில் மோட்டார், அவ்வளவே.

இந்தச் சுழற்சி எதற்கு என்பதை விளங்கிக்கொள்ளாமல் இயந்திரம் வாங்குவது வீண். அசையாமல் உறையும் பாலில் பெரிய பனிப்பளிங்குகள் வளரும். நாக்கில் அவை மணலாய் உறுத்தும். ஓயாமல் சுரண்டிக் கலக்கும்போது பளிங்குகள் வளர அவகாசமின்றிச் சிறியனவாகவே நின்றுவிடுகின்றன. கூடவே காற்றும் சேர்கிறது. இயந்திரம் நமக்குத் தருவது இந்த இரண்டு மட்டுமே. குளிரை அது தருவதில்லை. வேறெங்கோ உண்டான குளிரைச் செலவழிக்கிறது.

இலண்டனில் அக்னஸ் மார்ஷல் அம்மையார் இதனை நன்கு உணர்ந்திருந்தார். 1885இல் அவர் சந்தைக்குக் கொண்டுவந்த கருவி ஆழம் குறைந்து அகன்றது. கலவை மெல்லிய படையாகப் பரவி உறைவதால் சில நிமிடங்களில் வேலை முடியும் என்று விளம்பரம் செய்தார். சமையற் பாடசாலை, நூல்கள், கருவிகள் என்று அவர் நடத்திய வணிகம் பெரிது. ஆனால் அதற்குத் தேவையான பனிக்கட்டி நோர்வேயின் ஏரிகளிலிருந்து கப்பலில் இலண்டனுக்கு வந்திறங்கிக்கொண்டிருந்ததால்தான் அந்த வணிகம் சாத்தியமாயிற்று.

நமது பக்கத்துக்கு அந்தக் குளிர் வந்த கதை இன்னும் விந்தையானது. பொஸ்ரன் வணிகர் பிரெடரிக் ரியூடர் 1833இல் 'ரஸ்கனி' என்ற கப்பலில் ஏறத்தாழ 180 தொன் பனிக்கட்டியை மரத்தூளில் புதைத்துக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதக் கடற்பயணம். பூமத்திய ரேகையை இருமுறை கடக்க வேண்டும். ஹூக்ளியில் நங்கூரமிட்டபோது ஏறத்தாழ 100 தொன் மிஞ்சியிருந்தது. 1842இல் சென்னைக் கடற்கரையில் அவர் கட்டிய பனிக்கட்டிக் கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். அக்கட்டிடத்தைக் கடந்து செல்வோரில் எத்தனை பேர், அமெரிக்க ஏரியொன்று துண்டு துண்டாக அதற்குள் உறங்கியதை நினைக்கிறார்களோ தெரியாது. வோல்டன் குளத்தில் ரியூடரின் ஆட்கள் பனிக்கட்டி வெட்டியதைக் கண்ட தோரோ, அது மதராஸ் வரை போய்ச் சேர்வதைத் தம் நூலில் வியந்து எழுதினார். கொழும்பில் 1866இல் கொழும்பு ஐஸ் கம்பனி தொடங்கியது. 1941இல் சிலோன் கோல்ட் ஸ்ரோர்ஸ் என்ற பெயரைப் பெற்ற அந்த நிறுவனத்தையே யானைச் சின்னத்துடன் நாம் அறிவோம். பனிக்கட்டி விற்றவர்களே பிற்காலத்தில் ஐஸ்கிறீம் விற்றவர்களாகவும் ஆனதில் வியப்பில்லை. குளிர் யாரிடம் இருந்ததோ, ஐஸ்கிறீமும் அவரிடமே இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் குளிர்சாதனப் பெட்டி வீடுகளுக்குள் நுழைந்தபோது கைப்பிடி வாளிகள் மேல்மாடங்களுக்கு ஏறின. நம் வீடுகளில் டின்பாலும் ஜெலற்றினும் சேர்த்துத் தட்டில் ஊற்றி, இரண்டு மணிக்கு ஒருமுறை முள்ளுக்கரண்டியால் கிளறி உண்டாக்கிய ஐஸ்கிறீம் இக்காலத்தின் பிள்ளை. 1980களில் ஜப்பானியர் புதியதொரு கிண்ணத்தைக் கொண்டுவந்தனர். டொன்வியர் என்ற பெயரில் அது உலகமெங்கும் விலைப்பட்டது. இரட்டைச் சுவர், சுவர்களுக்கிடையே உறையும் திரவம். கிண்ணத்தை முந்தைய நாளே உறைபெட்டியில் வைத்துவிட்டால் மறுநாள் அதில் கலவையை ஊற்றிச் சுழற்றலாம். ஜோன்சன் காலத்து உப்பும் பனிக்கட்டியும் சுவருக்குள் சிறைப்பட்டன என்று கொள்க. இன்று மலிவாகக் கிடைக்கும் மின் இயந்திரங்கள் பெரும்பாலும் இவ்வகையே. தானே குளிரை உண்டாக்கும் கொம்பிரசர் பொருத்திய இயந்திரமும் உண்டு. அது பத்துக் கிலோவுக்குக் குறையாத பாரமும், கிண்ண வகையைவிட மூன்று மடங்குக்கு மேற்பட்ட விலையும் உடையது. 2021இல் வெளிவந்த நிஞ்ஜா கிறீமி இவற்றிலிருந்து வேறுபட்டது. கலவையை ஒரு நாள் முழுவதும் உறையவிட்டுப் பின்னர் அலகினால் சீவிக் குழைப்பது அதன் முறை.

குளிர் என்பது எங்கோ, யாரோ உண்டாக்கித் தரும் பொருள் என்பதை எங்களூர்க்காரருக்கு எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மின்சாரம் நின்றது. எரிபொருளுக்கும் மின்கலத்துக்கும் தடை. ஜாம் போத்தலில் திரியிட்டு எரித்த விளக்கில் படித்தவர்கள் நாங்கள். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளைப் புத்தக அலுமாரிகளாகவும் அரிசி வைக்கும் பெட்டிகளாகவும் பயன்படுத்தியவர்களை நான் அறிவேன். பின்னர் 2022இல், பொருளாதார நெருக்கடியின்போது, முழு நாடுமே அதன் ஒரு பகுதியை அனுபவித்தது. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரத்தை எட்டியது. அந்நாள்களில் இரட்டைச் சுவர்க் கிண்ணம் வெறும் பாரமான சட்டிதான். இலங்கையிலிருந்து இதே கேள்வியை என்னிடம் கேட்போருக்கு முதலில் இதையே சொல்வேன்.

ரொறன்ரோவில் மின்சாரத்துக்குக் குறைவில்லை. ஆகவே அங்கு கேட்கவேண்டியது உறைபெட்டியில் இடம் உண்டா என்பது. கிண்ணம் பதினாறு முதல் இருபத்துநான்கு மணிநேரம் அங்கே குடியிருக்க வேண்டும். சுழற்றி எடுத்த ஐஸ்கிறீமும் இறுகுவதற்கு மீண்டும் அங்கேதான் போக வேண்டும். மீனும் இறைச்சியும் முருங்கைக்காயும் நிறைந்த நம்மவர் உறைபெட்டியில் அது இலேசான காரியமன்று. இயந்திரம் அலுமாரிக்குள் உறங்கப்போவதற்கு முக்கிய காரணம் சோம்பல் அல்ல, இந்த இட நெருக்கடியே என்பது என் எண்ணம்.

பணம் மிச்சமாகுமா என்றால், பெரும்பாலும் ஆகாது. கடை ஐஸ்கிறீமில் பாதிவரை காற்று. அமெரிக்கச் சட்டப்படி ஒரு கலன் ஐஸ்கிறீம் 4.5 இறாத்தல் நிறை இருந்தால் போதும். அதாவது லீற்றருக்கு ஏறத்தாழ 540 கிராம். வீட்டில் செய்வது அதைவிடக் கனமானது. ஆகவே பெட்டியின் அளவை விட்டு நிறையை ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டாலும் மலிவான கடைப் பெட்டியை வெல்ல முடியாது; உயர்ரகப் பெட்டியுடன் சமனாகலாம். வீட்டு ஐஸ்கிறீம் நெடுநாள் தாங்கவும் மாட்டாது. நிலைப்படுத்தும் பொருள்கள் சேராததால் ஒரு வாரத்தில் பளிங்குகள் வளர்ந்து சொரசொரப்பாகிவிடும்.

குல்பி மட்டும் போதும் என்போருக்கு இயந்திரமே வேண்டியதில்லை. பாலைச் சுண்டக் காய்ச்சி நீரை ஓட்டிவிடுவதால் அச்சில் ஊற்றி அசையாமல் உறையவிட்டாலும் அது உறுத்தாது. கடையில் கிடைக்காத ஒன்றை உண்ண விரும்புவோருக்கே இயந்திரம் பயன்படும். கறுத்தக்கொழும்பான் மாம்பழமோ, பலாச்சுளையோ, விளாம்பழமோ ஐஸ்கிறீமாக வேண்டுமென்றால் எந்த ஊரிலும் நாமே செய்துகொள்வதுதான் வழி. நூறு டொலர் அதற்குப் பெரிதல்ல.

வாங்குமுன் ஜேம்ஸ் ஹெமிங்ஸ் காலத்து முறையை ஒருநாள் செய்து பார்க்கும்படி தோழரிடம் சொல்லியிருக்கிறேன். அகன்ற வாளி ஒன்று. மூடியுள்ள எவர்சில்வர்ப் பாத்திரம் ஒன்று. ஒரு லீற்றர் கலவைக்கு மூன்று அல்லது நான்கு கிலோ நொறுக்கிய ஐஸ். மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு. பிள்ளைகள் முறைவைத்துப் பாத்திரத்தைத் திருப்ப வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து ஓரங்களைச் சுரண்ட வேண்டும். ஏறத்தாழ முக்கால் மணிநேர வேலை. அடுத்த வாரமும் அடுத்த மாதமும் அவர்களாகவே வந்து கேட்டால் கிண்ண வகை இயந்திரத்தை வாங்கலாம். கொம்பிரசர் வகை, வாரந்தோறும் விருந்தினர் வரும் வீட்டுக்கு. மூடியைத் திறக்குமுன் விளிம்பை நன்றாகத் துடைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் உப்புநீர் உள்ளே இறங்கிவிடும். வேலை முடிந்ததும் வாளியில் மிஞ்சும் உப்புநீரைப் பூஞ்செடியடியில் ஊற்றிவிட வேண்டாம்.