சாவைத் தொலைத்த வினைச்சொல்

ஆங்கிலத்தின் ‘ஸ்டார்வ்’ என்னும் வினையை நாம் பசியோடு சேர்த்தே அறிவோம். விடுதியில் சோறு வரக் கால்மணி நேரம் தாமதமானாலே மாணவர்கள் தம்மைக் குறித்து அச்சொல்லைச் சொல்லிக்கொள்கின்றனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அது பசியைக் குறிக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டெயோர்ஃபன்’ என்றால் இறத்தல். எதனால் இறந்தாலும் அதே சொல். அதன் உறவுச் சொற்களான ஜெர்மன் ‘ஷ்டெர்பன்’, டச்சு ‘ஸ்டெர்வன்’ இரண்டும் இன்றும் அப்பொருளிலேயே வழங்குகின்றன. இவற்றின் மூல வேர் ‘விறைத்தல்’ என்னும் பொருளுடையது என்று பலர் கருதுவர். அது சரியாயின், ‘துஞ்சினார்’ என்று நாம் சொல்வதைப் போல இதுவும் ஒரு மங்கல வழக்காகவே தோன்றியிருக்க வேண்டும்.

பொருள் சுருங்கியதற்கு ஒரு குடியேற்றம் காரணமாயிற்று எனலாம். 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் ஸ்காண்டிநேவியர் குடியேறினர். இன்றைய ‘டை’ என்னும் வினை அவர்களது பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது என்பதே வலுவான கருத்து. சாவுக்குரிய பொதுச்சொல்லின் இடத்தை அது மெல்லப் பிடித்துக்கொண்டது. 14ஆம் நூற்றாண்டின் சாசர் இன்னும் பழைய சொல்லை ‘இறத்தல்’ என்றே ஆள்கிறார். ஆனால் ‘பசியால்’ என்னும் அடை அதனோடு அடிக்கடி சேர்ந்து வந்தது. நாளடைவில் அடை விழுந்தது, அதன் பொருள் மட்டும் வினைக்குள் தங்கிவிட்டது. இங்கிலாந்தின் வடபகுதி வட்டார வழக்கில் பசிக்குப் பதில் குளிர் தங்கியது: அங்கே அச்சொல் குளிரில் விறைத்து வாடுவதைக் குறித்தது.

பொருள் மாற்றத்தைவிட இலக்கண மாற்றமே என் கவனத்தை அதிகம் ஈர்க்கிறது. தன்வினையாக இருந்த சொல் பிறவினையாகவும் ஆளப்படலாயிற்று, வடிவமோ ஒன்றுதான். தமிழில் பட்டினி ‘கிடப்பவர்’ வேறு, பட்டினி ‘போடுபவர்’ வேறு. துணைவினை மாறியவுடன் செய்தவர் யார் என்ற கேள்வி எழுந்துவிடும். ஆங்கிலத்தில் செயப்படுபொருளைச் சொல்லாமல் விட்டால் போதும், பட்டினி போட்டவர் வாக்கியத்திலிருந்து மறைந்துவிடுவார்.

‘ஸ்டார்வேஷன்’ என்னும் பெயர்ச்சொல்லின் கதை இன்னும் கூர்மையானது. ஜெர்மானிய வேரில் லத்தீன் ஈறு ஒட்டிய கலப்புச்சொல் அது. 1775இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் குடியேற்றங்களின் வணிகத்தையும் மீன்பிடிப்பையும் முடக்கும் மசோதாவை ஆதரித்துப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசிய ஹென்றி டண்டாஸ் அச்சொல்லைக் கையாண்டதாகவும், அதனால் ‘ஸ்டார்வேஷன் டண்டாஸ்’ என்று பட்டப்பெயர் பெற்றதாகவும் கூறுவர். அவரே அதைப் படைத்தார் என்னும் மரபை நான் வலியுறுத்த மாட்டேன். ஒரு சொல்லுக்கு ஒரே தந்தையைத் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை. ஆயினும் அதே டண்டாஸ் 1793 முதல் 1801 வரை கிழக்கிந்தியக் கம்பெனியை மேற்பார்வையிட்ட கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராக இருந்தார் என்பதை இந்திய வாசகர் கடந்துபோக இயலாது.

இந்தியாவில் இச்சொல் ஆட்சிமொழிக்குள் புகுந்தபோது அதன் பொருள் நிர்வாகச் சிக்கலாயிற்று. 1880ஆம் ஆண்டின் பஞ்ச ஆணைய அறிக்கையைத் தொடர்ந்து பஞ்ச விதித்தொகுப்புகள் எழுந்தன. பஞ்சம் என்று அறிவித்தால் நிவாரணம் அரசின் கடமையாகிவிடும். 1943இல் வங்காளத்தில் அந்த அறிவிப்பு வரவேயில்லை. கல்கத்தாத் தெருக்களில் விழுந்து கிடந்தோரை அரசு ‘ஆதரவற்றோர்’ என்று பெயரிட்டு, நகரத்திலிருந்து அப்புறப்படுத்த அவசரச் சட்டமும் இயற்றியது. இறந்தோர் சுமார் 15 லட்சம் என்றது 1945ஆம் ஆண்டின் விசாரணை ஆணையம். பிற்கால ஆய்வாளர் சிலர் 30 லட்சம் வரை கணக்கிட்டனர். பதிவேடுகளிலோ பெரும்பாலான சாவுகள் காய்ச்சல், காலரா, அம்மை முதலிய நோய்ப்பெயர்களின் கீழேயே ஏறின.

அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட ‘வறுமையும் பஞ்சங்களும்’ நூலில், போதிய உணவின்றி இருக்கும் நிலையையே ‘ஸ்டார்வேஷன்’ என்கிறார். பெருந்திரளான சாவு ‘பஞ்சம்’ என்னும் சொல்லின் பக்கம் போய்விடுகிறது. பகுப்பாய்வுக்கு அப்பிரிவினை தேவைதான். ஆனால் சாவு இவ்வாறு முற்றிலும் வெளியேறிவிட்டதால், இந்திய ஆங்கிலம் அதைத் தனியே கொண்டுவந்து ஒட்டவேண்டியதாயிற்று: ‘ஸ்டார்வேஷன் டெத்’. பழைய ஆங்கிலப் பொருளில் படித்தால் ‘சாவுச் சாவு’. நம் ‘பட்டினிச்சாவு’ அப்படியன்று. பட்டினியில் ஒருபோதும் சாவு உட்பொதிந்திருந்ததில்லை. இருந்தும் இரு மொழிகளிலும் சண்டை நடப்பது அந்த இரண்டாம் சொல்லின்மேல் அன்று. பிணம் கண்முன் கிடக்கிறது, அதை எவரும் மறுப்பதில்லை. அடித்துத் திருத்தப்படுவது எப்போதும் முதற்சொல்தான். இரத்தசோகை, காசநோய், வயிற்றுப்போக்கு என்று ஏதேனும் ஒன்று அங்கே வந்து அமர்ந்துகொள்கிறது.