ஏரீஸ் கட்டுரையில் அன்டூ தரவின் இடம்: ஒரு மறுவாசிப்பு

தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐஐடியில் வேதிப் பொறியியல் பயின்ற சி. மோகன், ஐபிஎம் சகாக்கள் நால்வருடன் எழுதிய, ஏரீஸ் என்னும் தரவுத்தள மீட்பு முறையை விளக்கும் கட்டுரை 1992இல் வெளிவந்தது. அதன் 69 பக்கங்களையும் ரீடூவின், அதாவது லாக்கில் பதிவானதை மறுபடி செய்வதன், வெற்றியாகவே பலரும் படித்து வந்திருக்கிறார்கள். நடந்தது அனைத்தையும் முதலில் மறுபடி நிகழ்த்துவதே அதன் உயிர்நிலை. அன்டூ, அதாவது கமிட் ஆகாததை நீக்குவது, விருந்து முடிந்தபின் இலை எடுக்கும் வேலை. இவ்வாசிப்பு தலைகீழானது.

கொடுங்கையூர்க்காரர் இருவரின் வங்கி இருப்பு ஒரே தரவுப் பக்கத்தில் இருப்பதாகக் கொள்வோம். லாக்கின் 10ஆம் பதிவு முதலாமவர் கணக்கில் 500 ரூபாய் கூட்டுகிறது. 20ஆம் பதிவு இரண்டாமவர் கணக்கில் 200 ரூபாய் கூட்டுகிறது. இரண்டாவது பரிவர்த்தனை மட்டும் கமிட் ஆன நிலையில் சர்வர் விழுகிறது. இரு மாற்றங்களுமே வட்டில் ஏறவில்லை. கமிட் ஆனதை மட்டும் ரீடூ செய்தால், பக்கத்தில் கடைசியாக ஏறிய பதிவைக் குறிக்கும் எண் 20 ஆகிவிடும். அடுத்து வரும் அன்டூ, 10 அதைவிடச் சிறியது என்பதால் 500 ஏறிவிட்டதாகவே எடுத்துக்கொள்ளும். ஏறாத பணத்தைக் கழித்துவிடும்.

ஏரீஸ் ஆசிரியர்கள் விளக்கும் சிக்கல் இவ்வகையினதே. கமிட் ஆகாத 500ஐயும் முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு நீக்கச் சொல்வது, அன்டூ தவறாமல் நடக்கத்தான். பக்கம் முழுவதையும் ஒருவரே பூட்டிக்கொள்ளும் முறையில் இந்தச் சிக்கலே எழாது. கட்டுரைத் தலைப்பும் நுண்ணளவுப் பூட்டலையும் பகுதி ரோல்பேக்கையும்தான் முன்னிறுத்துகிறது. ரீடூ என்ற சொல் அதில் இல்லை.

எதிர்த்தரப்புக்கு ஓரிடத்தில் நியாயம் உண்டு. நீக்கும் ஒவ்வோர் அடியையும் ஏரீஸ் ஈடுசெய் பதிவாக லாக்கில் எழுதுகிறது. அப்பதிவை ரீடூ செய்யலாம், அன்டூ செய்ய முடியாது. ஆனால் அது சுமப்பது, அடுத்து நீக்கவேண்டியது எது என்னும் குறிப்பை. மீட்பின் நடுவே சர்வர் மறுபடி விழுந்தாலும், நீக்கியதை இரண்டாம் முறை நீக்காமல் காப்பது அக்குறிப்பே. இங்கும் ரீடூ பணிவிடை செய்வது அன்டூவுக்குத்தான் என்றே தோன்றுகிறது.

அன்டூ லாக் இல்லாமலே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இயங்குகிறதே என்ற மறுப்பு நெடுநேரம் நிற்காது. பழைய வரிசையை அது அட்டவணையிலேயே விட்டுவைக்கிறது. அதுவே அன்டூ தரவு. இருப்பிடம் மட்டுமே வேறு. வேக்யூம் என்னும் துப்புரவுப் பணி அதைத்தான் பின்னர் அகற்றுகிறது.

ஆரக்கிள் தரவுத்தளத்தின் நடைமுறை இன்னும் தெளிவான சான்று. அங்கே அன்டூ பக்கங்களில் ஏற்படும் மாற்றத்துக்கும் ரீடூ எழுதப்படுகிறது. சர்வர் விழுந்து எழும்போது ரீடூ முடிந்ததுமே தரவுத்தளம் திறக்கிறது. கமிட் ஆகாதவை பின்னணியில் நீக்கப்படுகின்றன. அதற்குள் இருப்பைக் கேட்கும் வாடிக்கையாளருக்குச் சரியான பழைய தொகை அன்டூ தரவிலிருந்தே திரட்டித் தரப்படுகிறது. விபத்தே இல்லாத நாளிலும், நெடுநேரம் ஓடும் வினவலுக்குத் தேவையான அன்டூ தரவு மேலெழுதப்பட்டுவிட்டால், ஓஆர்ஏ-01555 என்ற பிழையுடன் அது நின்றுபோகிறது.