உற்றுப் பார்க்காத ஊர்



1794-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இலண்டனில் வெளிவந்த ‘ஜென்டில்மன்ஸ் மாகஸீன்’ என்னும் இதழில் இந்தியர் ஒருவரின் உருவப்படம் அச்சாகியிருந்தது. அவர் பெயர் கவாஸ்ஜி. ஆங்கிலப் படையில் மாட்டுவண்டி ஓட்டியவர். 1792-ஆம் ஆண்டுப் போரில் திப்பு சுல்தானின் படையினரிடம் சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் அறுபட்டவர். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் மூக்கின்றி வாழ்ந்தபின், புனே நகருக்கு அருகில், செங்கல் தொழிலுக்குரிய குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு அமைத்துக் கொடுத்தார். மெழுகுத் தகட்டால் மூக்கின் அளவை எடுத்து, அதனை நெற்றியில் விரித்து வைத்து, அந்த அளவுக்கு நெற்றித் தோலை அறுத்து, புருவங்களுக்கிடையே சிறு இணைப்பை மட்டும் விட்டுவைத்துக் கீழே திருப்பிப் பொருத்திய முறை அது. இரத்த ஓட்டம் நிலைபெற்றபின், ஏறத்தாழ 25-ஆம் நாள், அந்த இணைப்பும் அறுக்கப்படும்.

மூக்கமைக்கும் கலை நம் நாட்டிற்குப் புதியதன்று. சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய வடமொழி மருத்துவ நூலில் அது கூறப்பட்டுள்ளது. இலண்டன் இதழின் செய்தி மேனாட்டு மருத்துவர்களை வியப்பில் ஆழ்த்தியது. 1814-இல் ஜோசப் கார்ப்யூ என்னும் ஆங்கில மருத்துவர் இம்முறையைக் கையாண்டு ஒரு படை அதிகாரிக்கு மூக்கமைத்தார். மயக்க மருந்து அறியப்படாத காலம் அது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

கவாஸ்ஜியின் மூக்கைப் பற்றி அவ்விதழ் விரிவாகக் கூறிற்று. ஆனால் புதிய மூக்கோடு அவர் தம் மக்களிடையே நடந்தபோது அவர்கள் எவ்வாறு நோக்கினர், அவர் நெஞ்சில் என்ன ஓடிற்று என்பதை அது கூறவில்லை. வரலாற்றில் இப்படிச் சொல்லப்படாது நின்ற பகுதியே இன்று என் பேச்சின் பொருள். முகத்தைச் சீராக்கும் அறுவைச் சிகிச்சையில் ஒரு பாதியே மருத்துவரின் கத்தியால் முடிகிறது. மறுபாதி, அந்த முகத்தைக் காண்போரின் கண்களால் முடிகிறது. இதனை மூன்று ஊர்களின் கதை நமக்கு உணர்த்தும்.

முதல் ஊர், இலண்டனை அடுத்த சிட்கப். 1914-இல் மூண்ட முதல் உலகப் போர் பதுங்கு குழிப் போராக நீண்டது. குழிக்குள் உடல் மறைந்திருக்க, மேலே தெரிந்த தலையும் முகமும் குண்டுக்கு இலக்காயின. தாடை இழந்தோரும், மூக்கிழந்தோரும், இமைகள் கருகினோரும் ஆயிரக்கணக்கில் திரும்பினர். நியூசீலாந்தில் பிறந்த ஹாரால்ட் கில்லிஸ் என்னும் மருத்துவரின் முயற்சியால், 1917-இல் சிட்கப்பில் இவர்களுக்கென்றே ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. 1925-ஆம் ஆண்டு வரையில் அங்கே 5,000-க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு 11,000-க்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் நடந்தன.

1916-இல் ஜட்லண்ட் கடற்போரில் முகம் கருகிய கடற்படை வீரர் ஒருவருக்குச் சிகிச்சை செய்கையில், 1917 அக்டோபரில், கில்லிஸ் ஒரு புதுமை கண்டார். மார்பிலிருந்து தூக்கிய தோலின் விளிம்புகள் தாமே உட்சுருளக் கண்டு, அவற்றைக் குழாய்போல் சேர்த்துத் தைத்தார். குழாய்க்குள் இரத்தம் ஓடிற்று. வெளிக் கிருமிகள் உட்புகவில்லை. ஆனால் நோயாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள். மார்புக்கும் முகத்துக்கும் இடையே தன் தோலே ஒரு குழாயாகத் தொங்க, அவன் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். ஒரு சிகிச்சை முடிந்தால் அடுத்தது. வீக்கம் வடிய வேண்டும். தழும்பு இளக வேண்டும். பிறகே அடுத்த கட்டம்.

அவசரம் உயிரையே கொள்ளும் என்பதும் அங்கே தெரிந்தது. முகம் முழுதும் எரிந்த இளம் விமானி ஒருவருக்கு, 1918-இல், மார்புத் தோலைப் பெரும் அளவில் எடுத்து ஒரே முறையில் முகத்தில் பொருத்தினார் கில்லிஸ். தோல் அழுகிற்று; அவ்விளைஞர் இறந்தார். பெரிய பணியைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துச் செய்யவேண்டும் என்னும் பாடத்தை கில்லிஸ் இத்துயரத்தால் கற்றார். பிற்காலத்தில் அவர் எழுதியும் பேசியும் வலியுறுத்திய கொள்கை அதுவே.

இத்தனை திறமை நிறைந்த சிட்கப்பில், நோயாளியர் கூடங்களில் கண்ணாடி வைக்கத் தடை இருந்தது. தம் முகத்தைக் கண்டு வீரர்கள் மனமுடைவர் என்று அஞ்சினர். மருத்துவமனையிலிருந்து ஊருக்குச் செல்லும் வழியில் சில இருக்கைகளுக்கு நீல வண்ணம் பூசியிருந்தனர். அவற்றில் அமர்ந்திருப்போரின் தோற்றம் அதிர்ச்சி தரலாம் என்று ஊராருக்கு முன்கூட்டி உணர்த்தும் அடையாளம் அது. நல்லெண்ணத்தால் செய்த ஏற்பாடே. எனினும் அந்த நீல இருக்கையில் அமர்ந்தவன், தன்னைக் கடந்து செல்வோர் பார்வையை வேறுபுறம் திருப்புவதைக் காணாமலா இருந்திருப்பான்?

இரண்டாம் ஊர், இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் உள்ள ஈஸ்ட் கிரின்ஸ்டெட். இரண்டாம் உலகப் போரில் 1940-ஆம் ஆண்டு கோடையில் விமானப் போர் கடுமையாயிற்று. எரிபொருள் தீப்பற்றியதால் இருபது வயது இளைஞர்கள் முகமும் கைகளும் வெந்து வீழ்ந்தனர். அவர்கள் வந்து சேர்ந்தது, அவ்வூர் விக்டோரியா அரசி மருத்துவமனையின் மூன்றாம் கூடம். அதன் தலைமை மருத்துவர் ஆர்ச்சிபால்ட் மக்கிண்டோ. கில்லிஸுக்கு உறவினர், அவரைப்போலவே நியூசீலாந்தில் பிறந்தவர்.

அந்நாளில் தீப்புண்ணின்மேல் டானிக் அமிலம் பூசுவது வழக்கம். அது இறுகிய ஓடுபோல் படிந்து விரல்களையும் இமைகளையும் முடக்கிற்று. கடலில் வீழ்ந்த விமானிகளின் புண்கள் நிலத்தில் வீழ்ந்தோரின் புண்களைவிட நன்கு ஆறியதை மக்கிண்டோ கண்டார். அமிலப் பூச்சை விலக்கினார். நோயாளியரை உப்புநீர்த் தொட்டியில் அமர்த்தினார். பின்னர் படிப்படியாக இமை, உதடு, மூக்கு என்று அமைத்தார். சிலருக்கு முப்பதுக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் தேவைப்பட்டன.

ஆயினும் வரலாறு அவரை நினைப்பது இதற்காக மட்டும் அன்று. நோயாளிச் சீருடையை அகற்றி, வீரர்கள் தம் படை உடையையே அணியச் செய்தார். கூடத்தில் பீர்ப் பீப்பாய் வைக்க இசைந்தார். விரும்பியோர் பிறருக்கு நடக்கும் சிகிச்சையைப் பார்க்கவும் அனுமதித்தார். தனக்கு என்ன நேரப்போகிறது என்று அறிந்தவனுக்கு அச்சம் குறைகிறதன்றோ! எல்லாவற்றுக்கும் மேலாக, ஊராரிடம் சென்று, இந்த இளைஞர்களை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள், மற்றவரைப்போல் நடத்துங்கள் என்று வேண்டினார். ஊரார் செவிசாய்த்தனர். உணவு விடுதியிலும் கடைத்தெருவிலும் வீரர்கள் தயக்கமின்றி நடமாடினர். ‘உற்றுப் பார்க்காத ஊர்’ என்று அவ்வூருக்குப் பெயர் நிலைத்தது.

1941 ஜூலை 20 அன்று நோயாளியர் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். ஆய்வுக்கூடங்களில் சோதனைக்கு ஆளாகும் சிறு விலங்கின் பெயரால், ‘கினிப் பன்றிச் சங்கம்’ என்று அதற்குப் பெயரிட்டனர். பணத்தோடு ஓடிவிட முடியாதவர் என்பதற்காகக் கால் வெந்த ஒருவரைப் பொருளாளராகவும், நெடிய அறிக்கை எழுதமாட்டார் என்பதற்காகக் கைவிரல் வெந்த ஒருவரைச் செயலாளராகவும் தேர்ந்தனர்! தன் துன்பத்தைத் தானே நகையாடத் தொடங்கியவன் பாதி குணமடைந்தவன் அல்லனோ? போர் முடிந்தபோது அதன் உறுப்பினர் 649 பேர். அவருள் ஜெஃப்ரி பேஜ் என்பவர், 1940 ஆகஸ்டில் எரிந்து வீழ்ந்து, சிகிச்சைக்குப்பின் மீண்டும் போர் விமானம் ஓட்டியவர். அச்சங்கத்தின் ஆண்டுக் கூட்டங்கள் 2007 வரை தொடர்ந்தன. 2014-இல் அவ்வூரில் மக்கிண்டோவின் சிலை திறக்கப்பட்டது. அமர்ந்திருக்கும் விமானியின் தோள்களில் கைவைத்து மருத்துவர் நிற்கும் கோலம் அது. அதை வடித்த சிற்பியின் தந்தையும் மக்கிண்டோவிடம் சிகிச்சை பெற்றவரே.

மூன்றாம் ஊர் நம் வேலூர். போர்வீரன் முகத்தின் தழும்புக்கு மதிப்பேனும் உண்டு; தொழுநோய் தந்த தழும்புக்கு அதுவும் இல்லை. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் என்னும் ஆங்கில மருத்துவர், 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். முடங்கிய விரல்களைத் தசைநாண்களை மாற்றியமைத்து நிமிர்த்தினார். சரிந்த மூக்குகளை உயர்த்தினார். தலையிலிருந்து மயிரோடு கூடிய தோலை எடுத்துப் புருவங்களும் அமைத்தார். ஆனால் கை நிமிர்ந்த ஒருவர் அவரிடம் வந்து, இக்கை பிச்சைக்கு உதவாத கையாகிவிட்டது என்று வருந்தினாராம். முடங்கிய கைக்கு இரங்கிக் காசு போட்டோர், நிமிர்ந்த கைக்குப் போடவில்லை; அதற்கு வேலை தரவும் முன்வரவில்லை. மருத்துவர் தம் பாதியை முடித்துவிட்டார். ஊர் தன் பாதியைத் தொடங்கவே இல்லை! இதனை உணர்ந்த பிராண்ட், நோய் நீங்கியோர் தொழில் பயில ஓர் இல்லத்தை உருவாக்கினார்.

நேயர்களே, இன்று அழகு கருதித் தாமே விரும்பி இச்சிகிச்சையை நாடுவோரும் பலர். அவர்க்கும் இவ்வரலாறு பயன்படும். மூக்கைத் திருத்திக்கொண்டவரின் வீக்கம் முழுதும் வடிய ஓராண்டு ஆகலாம். தழும்பு முதிர்ந்து வெளிறவும் அத்துணைக் காலம் செல்லும். கட்டவிழ்த்த அன்றே புது முகத்தை எதிர்பார்ப்போர் ஏமாற்றமே அடைவர். சிட்கப் வீரர்கள் கற்ற பொறுமையை அவர்களும் கற்றே ஆகவேண்டும்.

தாம் விரும்பாமலே முகம் இழந்தோரும் நம்மிடையே உளர். அமில வீச்சுக்கு ஆளானோரின் வழக்கில், 2013-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அமில விற்பனையைக் கட்டுப்படுத்த ஆணையிட்டது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவர்களையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. சட்டம் உதவித்தொகை தரும். வேலையில் இடம் ஒதுக்கும். பேருந்தில் அவர்கள் அருகில் ஓர் இடம் காலியாக இருந்தால், அங்கே இயல்பாய் அமரும் உள்ளத்தைச் சட்டம் தர இயலாது.

நாளை உங்கள் வகுப்பறைக்குத் தழும்பேறிய முகத்தோடு ஒரு மாணவியோ மாணவனோ வரக்கூடும். அவர்கள் பல மாதச் சிகிச்சையைத் தாங்கி வந்திருப்பர். அவர்களை உற்று நோக்காமலும், நோக்காது விலகாமலும், பெயர் சொல்லி அழைத்துப் பாடம் பற்றிப் பேசுங்கள். ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மக்கள் செய்தது அவ்வளவே.