வெளிநாட்டுச் சொத்தைத் தானே முன்வந்து அறிவித்தல்

வெளிநாட்டில் உள்ள வங்கிக் கணக்கு, பங்கு, வீடு போன்றவற்றை வருமான வரிக் கணக்கில் காட்டாமல் விட்டவர், நோட்டீஸ் வருவதற்கு முன்பே அவற்றைத் துறையிடம் சொல்லி, வரியும் அபராதமும் கட்டி, வழக்கிலிருந்து விடுபடும் ஏற்பாடு இது. இந்தியாவில் இதற்கு நிரந்தர வழி கிடையாது. அரசு எப்போதாவது ஒரு கெடு வைத்து வாய்ப்புத் தரும், பிறகு மூடிவிடும்.

இந்த வாய்ப்புகளின் வரலாற்றில் தமிழகத்து நிதியமைச்சர்களின் கை ஓங்கியே இருக்கிறது. 1965-ல் டி.டி. கிருஷ்ணமாச்சாரி காலத்தில் வந்தது ‘60:40’ திட்டம்: அறுபது பங்கு அரசுக்கு, நாற்பது பங்கு கணக்கில் வெள்ளையாக. நெருக்கடி நிலையின்போது, 1975-ல், சி. சுப்பிரமணியம் ஒன்றைக் கொண்டுவந்தார். 1981-ல் ஆர். வெங்கட்ராமன் வெளியிட்டது சிறப்புப் பத்திரம். 10,000 ரூபாய்க்கு வாங்கினால் பத்தாண்டு கழித்து 12,000, பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைச் செல்லும் என்றது. 1997-ல் ப. சிதம்பரத்தின் திட்டத்தில் சுமார் 4.75 லட்சம் பேர் ஏறக்குறைய 33,700 கோடி ரூபாயை அறிவித்தார்கள்.

இவை பெரும்பாலும் உள்நாட்டுப் பணத்துக்கானவை. வெளிநாட்டுச் சொத்தை மட்டும் குறிவைத்த வாய்ப்பு, அருண் ஜெட்லி கொண்டுவந்த 2015-ஆம் ஆண்டுக் கருப்புப் பணச் சட்டத்தோடு வந்தது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை கெடு. வரி 30 சதவீதம், அபராதம் இன்னொரு 30 சதவீதம். டிசம்பர் 31-க்குள் கட்டிவிட வேண்டும். ஒருவரின் சொத்து குறித்த தகவல் பிற நாடுகளுடனான ஒப்பந்தங்கள் வழியாக ஜூன் 30-க்குள் அரசுக்கு வந்துவிட்டிருந்தால், அவருக்கு அந்தச் சொத்தை அறிவிக்க இடமில்லை. கெடுவைத் தவறவிட்டுப் பிறகு மாட்டியவருக்கு வரி 30, அபராதம் அதன் மூன்று மடங்கு. ஆக, சொத்து மதிப்பில் 120 சதவீதம். அதற்கு மேல் மூன்று முதல் பத்தாண்டுவரை சிறை. வந்தவை 648 அறிவிப்புகள், சுமார் 4,164 கோடி ரூபாய்.

1997-ல் லட்சக்கணக்கில் வந்த கூட்டம் 2015-ல் ஏன் வரவில்லை? வரி விகிதம் இரட்டிப்பானது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, சொத்தை எந்தத் தேதியின் விலைக்கு மதிப்பிடுவது என்பது. 1997-ல் பழைய நகையை 1987 ஏப்ரல் 1-ஆம் தேதி விலைக்குக் காட்ட முடிந்தது. தணிக்கைத் துறை இதைக் கடுமையாகக் குறை சொன்னது. 2015-ல் வாங்கிய விலை, ஜூலை 1-ஆம் தேதிச் சந்தை விலை, இரண்டில் எது அதிகமோ அது. வங்கிக் கணக்கு என்றால் கையிருப்பைப் பார்ப்பதில்லை. கணக்குத் தொடங்கிய நாளிலிருந்து போட்ட பணம் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும், எடுத்துத் திரும்பப் போட்டது மட்டும் கழியும். நாற்பது லட்சம் போட்டு எல்லாவற்றையும் செலவழித்து, இரண்டு லட்சம் மிச்சம் வைத்திருப்பவர் நாற்பது லட்சத்துக்கு அறுபது சதவீதம் கட்டவேண்டும்! சலுகை என்ற பெயர் இதற்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டால், சிறைக்குப் போகாமல் இருப்பதுதான் சலுகை.

சாதாரணக் குடும்பங்கள் இந்தச் சட்டத்தில் இடறுவது வேறு இடத்தில். செய்யூர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் பல ஆண்டு வேலை பார்த்து ஊர் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே சம்பாதித்த காலத்தில் அந்தச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. திரும்பிவந்து முழு ‘குடியிருப்பவர்’ ஆனதும், அங்கே விட்டுவந்த கணக்கை வருமான வரிக் கணக்கின் ‘எஃப்.ஏ.’ (வெளிநாட்டுச் சொத்து) அட்டவணையில் எழுதியாக வேண்டும். இந்த அட்டவணை ஐ.டி.ஆர்-1 படிவத்தில் கிடையாது, ஐ.டி.ஆர்-2 அல்லது 3-ல்தான் இருக்கிறது. பழக்கப்படி ஐ.டி.ஆர்-1 போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்தான் மாட்டுகிறார். சிறுசேரியிலும் மகிந்திரா சிட்டியிலும் அமெரிக்க நிறுவனப் பங்கு பெறும் ஊழியர்களுக்கும் இதே கதை: பங்கு கைக்கு வரும்போதே சம்பளத்தில் சேர்த்து டி.டி.எஸ். பிடித்தாயிற்று, இனி என்ன என்று நினைக்கிறார்கள். காட்டாத ஒவ்வோர் ஆண்டுக்கும் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். 2024 அக்டோபர் 1 முதல், நிலம் வீடு தவிர்த்த சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் இந்த அபராதம் இல்லை.

பல நாடுகள் வங்கித் தகவலைத் தானாகவே பரிமாறிக்கொள்வதால், காட்டாத கணக்கு பெரும்பாலும் துறைக்குத் தெரிந்தே இருக்கிறது. 2024 நவம்பரில் வரி வாரியம் எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல் அனுப்பி நினைவூட்டியது. திருத்திய கணக்கும் தாமதக் கணக்குமாக 29,208 கோடி ரூபாய் வெளிநாட்டுச் சொத்து காட்டப்பட்டது. எந்த மன்னிப்புத் திட்டமும் இல்லாமல், 2015-ஐப் போல ஏழு மடங்கு!

திருத்திய கணக்கில் காட்டினால் போதுமா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்தது. ப. சிதம்பரத்தின் மனைவி, மகன், மருமகள் மீது கருப்புப் பணச் சட்டப்படி துறை தொடுத்த வழக்குகளை 2018 நவம்பர் 2-ல் நீதிமன்றம் ரத்து செய்தது. திருத்திய கணக்கில் சொத்து காட்டப்பட்டிருந்ததே அதில் மையமான விவாதம்.

2026 பிப்ரவரி பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் ஆறு மாதத் திட்டமொன்றை அறிவித்தார். மாணவர்கள், இளம் ஊழியர்கள், ஊர் திரும்பியவர்கள் போன்ற சிறிய வரிதாரர்களுக்கானது. காட்டாத சொத்தும் வருமானமும் ஒரு கோடிக்குள் என்றால் மீண்டும் அதே அறுபது சதவீதம். வரி கட்டிய வருமானத்தில் வாங்கி, எழுத மட்டும் மறந்த சொத்து ஐந்து கோடிவரை என்றால் ஒரு லட்ச ரூபாய்க் கட்டணம். மறந்தவரையும் மறைத்தவரையும் பிரித்துப் பார்ப்பதுதான் இதில் புதுசு.

அமெரிக்கத் தமிழருக்கு நிலைமை தலைகீழ். செய்யூர் வங்கியில் அப்பாவோடு சேர்த்துப் போட்ட எஃப்.டி., அமெரிக்காவில் வாழும் மகனுக்கு ‘வெளிநாட்டுக் கணக்கு’. எல்லாக் கணக்குகளும் சேர்ந்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் அங்கே தெரிவிக்க வேண்டும். 2009-ல் தொடங்கிய அமெரிக்கத் தன்னார்வ அறிவிப்புத் திட்டம் 2018 செப்டம்பர் 28-ல் மூடப்பட்டது. வேண்டுமென்றே மறைக்கவில்லை என்று உறுதி தருபவருக்கு எளிய வழி தனியாக உண்டு: மூன்றாண்டு வரிக் கணக்கு, ஆறாண்டு வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை, அமெரிக்காவிலேயே இருப்பவரானால் ஐந்து சதவீத அபராதம்.